பேனாவும் கணக்குப் புத்தகமும்: 'சகாள்' கண்ட டாக்டர் பருலேகர்

புணேயில் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு 'சகாள்' என்ற பெயர் புதிதல்ல. மராத்தியில் அதற்குக் 'காலை' என்று பொருள். புத்வார் பேட்டையிலிருந்து வெளிவரும் இந்தத் தினசரியைத் தோற்றுவித்தவர் டாக்டர் நாராயண் பிகாஜி பருலேகர். 'நானாசாகேப்' என்றால் மராத்தியர் உடனே புரிந்துகொள்வர்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1932 ஜனவரி 1-ஆம் தேதி 'சகாள்' பத்திரிகையைத் தொடங்கினார். தலையங்கமே பிரதானமாக இருந்த காலத்தில் அவர் செய்திக்கு முதலிடம் தந்தார். சிற்றூர்களிலும் நிருபர்களை அமர்த்தினார். எழுதத் தெரிந்தவருக்குக் கணக்கு வராது என்பார்கள். ஆசிரியராக அமர்ந்த பருலேகர், நிர்வாகத்தையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த இரட்டைப் பொறுப்புக்குச் சோதனை 1960-இல் வந்தது. பத்திரிகையின் விலைக்கு ஏற்பப் பக்கங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டி மத்திய அரசு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பெரிய பத்திரிகைகளின் போட்டியில் சிறியவை நசுங்கக்கூடாது என்பது அரசு சொன்ன காரணம். அப்போது 'சகாள்' 7 நயா பைசாவுக்கு விற்றது. ஞாயிறு நீங்கலாக வாரத்துக்கு 34 பக்கங்கள். வார நாட்களில் சுமார் 52,000 பிரதிகள். இடத்தில் ஏறக்குறைய 40 சதவிகிதம் விளம்பரம். அந்த வருமானம்தான் விலையை ஏறாமல் தாங்கியது. உத்தரவின்படி விலையை உயர்த்த வேண்டும், அல்லது பக்கங்களைக் குறைக்க வேண்டும். காசு எண்ணிச் செலவிடும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இரண்டுமே நஷ்டம்.

'சகாள்' நிறுவனம் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. வாசகர்களும் மனுச் செய்தனர். 1961 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பத்திரிகை ஒரு வியாபாரமும்கூட என்பதைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைச் சுருக்க முடியாது. எத்தனை பக்கம், எத்தனை பேருக்கு என்பதும் அந்த உரிமையைச் சேர்ந்ததே என்று கோர்ட் கூறி உத்தரவை ரத்துச் செய்தது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

1947-இல் சென்னையில் பதிவான பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தின் முதல் தலைவர் 'ஹிந்து' கஸ்தூரி சீனிவாசன். அதே நாற்காலியில் பின்னாளில் பருலேகரும் அமர்ந்தார். பத்மபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தது. 1973 ஜனவரியில் அவர் காலமானார். 1985-இல் பத்திரிகை பவார் குடும்பத்தின் நிர்வாகத்துக்கு மாறியது.

வரவு செலவு சரியாக இருந்தால்தான் பத்திரிகை யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதை வாழ்ந்து காட்டியவர் பருலேகர். இன்று காலையிலும் புணேயின் வீடுகளில் 'சகாள்' வந்து விழுகிறது.