சாவிக்கொத்தோடு சேர வேண்டியவை

குடியிருந்த வீடு ஒன்று கைமாறும்போது நடக்கும் பேச்சில் பெரும்பகுதி சுவரில் தெரிகிற பொருள்களைப் பற்றியதாகவே இருக்கிறது. ஏ.சி. விலையில் சேர்த்தியா, தனியா? கீசரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களா? ஹாலில் தொங்கும் விளக்கு யாருக்கு? சமையலறைப் புகைபோக்கிக்குத் தனியாக ஏதாவது தர வேண்டுமா? இந்தப் பேரத்தில் தவறொன்றும் இல்லை. ஆனால் இதில் சொன்ன அத்தனையும் நாளைக்கே கடையில் கிடைப்பவை. விற்றவர் ஊரைவிட்டுப் போன பிறகு எந்தக் கடையிலும் கிடைக்காதவை சில உண்டு. அந்த வீட்டின் அசல் காகிதங்கள் ஒன்று. தரைக்கும் சுவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம் இன்னொன்று. விற்பவர் எதை விட்டுச்செல்வது என்று முடிவு செய்யும்போது பொருளின் விலையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, வாங்குபவரால் அதை மறுபடி பெற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மின்விசிறிக்குச் சண்டை போடுகிறோம். செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

பொருள்களைப் பொறுத்தவரை சட்டம் எப்போதோ வழி சொல்லிவிட்டது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, வேறு விதமாகப் பேசி எழுதிக்கொள்ளாத வரை, வீடு விற்கப்படும்போது அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் ஆகியவையும், வீட்டோடு நிரந்தரமாகப் பயன்படுவதற்காக அமைக்கப்பட்ட மற்றவையும் சேர்ந்தே போகும் என்கிறது. மண்ணில் வேரூன்றிய மரமும் நிலத்தோடு ஒட்டியதுதான் என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டார், சுவரில் பதித்த அலமாரியின் கதவு, வாசலின் தேக்குக் கதவு, கொல்லையில் நிற்கும் தென்னை எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை. கொக்கி வீட்டுக்கு, அதில் தொங்கும் மின்விசிறி ஆளுக்கு என்பது பல இடங்களில் வழக்கம், ஊஞ்சலும் அப்படித்தான். இப்போது புதிதாகத் தகராறு கிளப்பக்கூடியது மொட்டைமாடியின் சோலார் தகடு. அதைக் கழற்றினால் தளத்தில் துளைத்த இடங்களில் மழைநீர் இறங்கும். அதன் நெட் மீட்டரும் அந்த வீட்டின் மின் இணைப்போடு பிணைந்தது. விலை வைத்து, விட்டுவிட்டுப் போவதுதான் இருவருக்கும் நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்பனைக்கு முன்பே, எதெல்லாம் வீட்டோடு இருக்கும், எதெல்லாம் போகும் என்று திரைச்சீலைக் கம்பி வரை அறை அறையாகக் குறிக்கும் படிவம் ஒன்றை விற்பவர் நிரப்பிக் கொடுக்கிறார். விளக்கை எடுத்துச்சென்றால் அந்த இடத்தில் ஹோல்டரும் பல்பும் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. அப்படி ஒரு தாள் இருந்தால் பொருள் பற்றிய தகராறு முக்கால்வாசி தீர்ந்துவிடும். இதற்கு மேல் பொருளைப் பற்றிப் பேச அதிகமில்லை.

காகிதங்கள் வேறு வகை. முழுத்தொகையும் கைக்கு வந்த பிறகு, தன்னிடம் உள்ள உரிமைப் பத்திரங்கள் அனைத்தையும் விற்றவர் வாங்கியவரிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. சொத்தில் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டால் பத்திரத்தையும் அவரே வைத்துக்கொள்ளலாம். பலருக்குப் பிரித்து விற்றால் அதிக மதிப்புள்ள பாகத்தை வாங்கியவருக்குப் பத்திரம் போகும். மற்றவர்கள் தங்கள் செலவில் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘எல்லாம்தான் ஆன்லைனில் இருக்கிறதே’ என்று நினைக்கலாம். வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே எடுக்க முடிவதும், பதிவான பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்க முடிவதும் உண்மைதான். அசல் அப்படிக் கிடைக்காது. தாய்ப் பத்திரத்தின் அசல் இல்லையென்றால் வங்கி கடன் தரத் தயங்கும். அடுத்த முறை விற்கும்போது போலீசில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று அலைய வேண்டியிருக்கும். வீட்டுக்கடன் இருந்த வீடாக இருந்தால், கடனை அடைத்ததும் பத்திரங்களை வங்கியிலிருந்து மீட்டு, அடமானம் தீர்ந்ததைப் பதிவு செய்த ரசீதையும் சேர்த்துத் தர வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், கடன் கொடுத்தவரால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருப்பதால், வங்கி இழுத்தடிக்கிறது என்ற காரணம் இனி அவ்வளவாக எடுபடாது.

பத்திரத்தைக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் தூக்கி எறியும் காகிதங்களில்தான் பெரிய இழப்பு இருக்கிறது. அடுக்குமாடி வீட்டைக் கட்டிக்கொடுத்த நிறுவனம் சாவியோடு தந்த ஒப்படைப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை சுட்டிக்காட்டப்பட்டால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. பின்னர் அந்த வீட்டின் ஒதுக்கீட்டை விலைக்கு வாங்கியவரையும் அந்தச் சட்டம் ஒதுக்கீடு பெற்றவராகவே கணக்கில் எடுக்கிறது. அந்த 5 ஆண்டு எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு ஆதாரம், விற்றவரின் பீரோவில் கிடக்கும் அந்த ஒற்றைத் தாள். வரி ரசீதும் மின்கட்டண ரசீதும் இப்படித்தான். விற்கும் நாள்வரையிலான அரசு வரிகளையும் கட்டணங்களையும் விற்பவரே கட்ட வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டம் சொன்னாலும், பாக்கி வைத்துவிட்டுப் போனால் அல்லல்படுவது வாங்கியவர். கே.சி. நைனான் எதிர் கேரள மாநில மின்வாரியம் வழக்கில் 2023 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விதிமுறைகள் இடம் கொடுத்தால் பழைய உரிமையாளரின் மின் பாக்கியைப் புதியவரிடம் இணைப்புக்கான நிபந்தனையாக மின்வாரியம் கேட்கலாம் என்று சொல்லிவிட்டது. குடும்பச் சொத்தாக இருந்தால் வாரிசுச் சான்று, இறப்புச் சான்று ஆகியவற்றின் நகல்கள். தனி வீடாக இருந்தால் அனுமதி பெற்ற வரைபடம். இவையெல்லாம் ஒரே கோப்பில் சேர வேண்டும்.

இனி, காகிதத்தில் பெரும்பாலும் ஏறாத விவரங்கள். ஒரு கட்டடத்தின் உயிர்நாடியான பாகங்கள் எல்லாமே மறைந்திருப்பவை. அஸ்திவாரம் மண்ணுக்குள், கம்பி கான்கிரீட்டுக்குள், குழாயும் மின்கம்பியும் பூச்சுக்குள். தமிழ்நாட்டில் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டை வாங்குபவர்களில் பலர், என்றைக்காவது மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்ற எண்ணத்தோடுதான் வாங்குகிறார்கள். அஸ்திவாரம் எத்தனை மாடிக்காகப் போடப்பட்டது, ஃபூட்டிங் எவ்வளவு ஆழம், தூணில் என்ன கனத்தில் எத்தனை கம்பி என்று சொல்வது கட்டடப் பொறியாளர் தந்த வரைபடம். அது தொலைந்துவிட்டால், புதியவரின் பொறியாளர் தூணோரம் தோண்டிப் பார்த்தும், கருவிகளை வைத்துக் கம்பியைத் தேடியும் ஓரளவுக்கு ஊகிக்க வேண்டியதுதான். பலர் அந்தச் செலவுக்கும் தயங்கி, மேஸ்திரி ‘தாங்கும்’ என்று சொன்ன வார்த்தையை நம்பி மாடி எழுப்பிவிடுகிறார்கள். ஒரு சுருட்டிய தாள் கைமாறாமல் போனதன் விலை, ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நிற்கிறது.

செப்டிக் டேங்க் விஷயம் இதைவிடக் கடுமையானது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் பல வீடுகளில் ஒன்று இருக்கிறது. அதன் மூடிமேல் டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்துமிடமாக்கி மறைத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. விற்றவருக்கு இடம் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. நிரம்பி வழியும் நாளில் அவசரமாக ஆள் கூப்பிட்டு, எங்கெங்கோ உடைத்து, மூடி கிடைத்ததும் யாரையாவது உள்ளே இறங்கச் சொல்லும் நிலை வருகிறது. தொட்டிக்குள் தேங்கும் நச்சுவாயு சில நொடிகளில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பது அரிது. பாதுகாப்பு ஏற்பாடின்றி இப்படி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்து தண்டனையும் விதித்திருக்கிறது. அப்படியும் சாவுகள் நிற்கவில்லை. மூடி இருக்குமிடம், எத்தனை அறை கொண்ட தொட்டி, கடைசியாக எந்த ஆண்டு லாரி வைத்து உறிஞ்சினார்கள் என்ற மூன்றே வரியை எழுதிக் கொடுத்தால், இயந்திரம் நேராக வேலையை முடித்துவிடும். விற்பவர் விட்டுச்செல்லக்கூடியவற்றில் முதலிடம் எதற்கு என்று கேட்டால் நான் இந்த மூன்று வரிக்குத்தான் கொடுப்பேன்.

தண்ணீருக்கும் இதே கதை. போர்வெல் எத்தனை அடி, கேசிங் பைப் எதுவரை, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, எத்தனை ஹெச்.பி., கோடையில் தண்ணீர் எப்போது வற்றும் என்பவை தெரியாமல் மோட்டார் தூக்க வருபவர்கள் குழாய் குழாயாக எண்ணித்தான் இழுக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பை 2003-இல் தமிழ்நாடு கட்டாயமாக்கியது. அப்போது அவசரமாகத் தோண்டிய உறைகுழி எந்த மூலையில் இருக்கிறது என்பதே இன்று பல வீடுகளில் மறந்துபோயிருக்கலாம். இடம் தெரிந்தால்தானே ஐப்பசி மழைக்கு முன் மணலை அள்ளிச் சுத்தம் செய்ய முடியும்? சுவருக்குள் ஓடும் வயரும் தண்ணீர்க்குழாயும் பூசுவதற்கு முன் எடுத்த படங்கள் பலரின் பழைய செல்பேசிகளில் தூங்குகின்றன. அவற்றை வாங்குபவருக்கு அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அனுப்பாமல் விட்டால் படம் மாட்ட ஆணி அடிப்பவர் மின்கம்பியைத் துளைத்துவிடலாம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும், விற்பவர் ஏன் பாடம் எடுக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவற்றுக்கு அது பொருந்தும். சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் தெரியாத முக்கியக் குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்வது அவர் கடமை, சொல்லாமல் விடுவது மோசடிக்குச் சமம் என்று 55-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பிரிவு ஒருதலைப்பட்சமானதும் இல்லை. சொத்தில் விற்பவருக்குள்ள உரிமையின் மதிப்பைப் பெரிதும் கூட்டுகிற உண்மை ஒன்று வாங்குபவருக்கு மட்டும் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாமல் இருந்தால் வாங்குபவரும் சொல்லியாக வேண்டும். மண்ணுக்குள்ளும் சுவருக்குள்ளும் இருப்பதை எந்தக் கவனமான கண்ணும் பார்த்துவிட முடியாது.

இரண்டாவது மறுப்புக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கசிவையும் கரையானையும் எழுதிக் கொடுத்தால் விலை குறையும், பிறகு வழக்குக்கும் அதுவே சாட்சியாகும் என்று விற்பவர் அஞ்சுகிறார். விலை குறையலாம். ஆனால் தெரிவித்து விற்ற குறைக்கு வழக்குப் போடுவது கடினம். மறைத்து விற்ற குறைக்குத்தான் வழக்கு எளிது. எழுத்தில் இருப்பது விற்பவருக்கே கேடயம். தவிர, நான் சொல்லிவரும் விவரங்களில் பெரும்பாலானவை குறைகளே இல்லை. போர்வெல்லின் ஆழத்தைச் சொன்னதால் யாரும் விலையைக் குறைக்கப் போவதில்லை.

சென்னை போன்ற நகரங்களில் வாங்கியவர் வீட்டை இடித்துவிட்டுத்தானே கட்டுகிறார், பழைய விவரம் எதற்கு என்பது மூன்றாவது. இடிக்கப்படும் வீட்டுக்கு வயரிங் படம் வேண்டாம்தான். மண்ணைப் பற்றிய விவரம் அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. பழைய மனைகளில் தூர்த்து மூடிய கிணறுகள் உண்டு. அப்படியொன்றின்மேல் தெரியாமல் ஒரு தூணின் அடித்தளம் விழுந்தால், தளர்ந்த மண் அமிழ்ந்து அந்தப் பக்கம் மட்டும் கட்டடம் இறங்கும். சுவரில் கோணலாக விரிசல் ஓடும். கிணறு இருந்த இடத்தை அறிந்தவர் பெரும்பாலும் விற்பவர் வீட்டு முதியவர் ஒருவர் மட்டுமே. எல்லைக்கல் எங்கே, பக்கத்து மனையோடு பொதுச்சுவர் பற்றி என்ன பேச்சு என்பதும் அவர் நினைவில்தான் இருக்கும். எனக்கே ஒன்றும் தெரியாது என்று சொல்லும் விற்பவர், வீட்டைக் கட்டிய மேஸ்திரி, மின்வேலை பார்த்தவர், போர் போட்டவர் ஆகியோரின் எண்களையாவது கொடுக்கலாம்.

இவற்றையெல்லாம் எப்போது கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்து, பணம் கைமாறி, சாவி மேசைமேல் வந்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது விற்றவரின் நல்ல மனதைப் பொறுத்தது. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போடும் நாளில், வீட்டில் இருக்கப்போகும் பொருள்கள், ஒப்படைக்கும் காகிதங்கள், நிலத்தடி விவரங்கள் ஆகிய மூன்றையும் ஒரு பட்டியலாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு அக்ரிமென்ட்டோடு இணைத்துவிடலாம். ஒப்படைக்கும் நாள்வரை சொத்தையும் பத்திரங்களையும் பொறுப்புள்ள உரிமையாளரைப் போல விற்பவர் காக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்வதால், பட்டியலில் உள்ளது காணாமல் போனால் கேட்க இடமிருக்கும். பதிவுக்கு ஒரு வாரம் முன்பு இருவரும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, மெயின் வால்வு, எர்த் குழி, செப்டிக் மூடி, மழைநீர்க் குழி என்று விற்பவர் ஒவ்வொன்றையும் காட்டிச் சொல்ல, வாங்குபவர் செல்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளலாம். மின்கட்டணக் குறுஞ்செய்தி போகும் எண், கேமராவின் கடவுச்சொல், டிஜிட்டல் பூட்டில் பதிந்த கைரேகை ஆகியவற்றைச் சாவி கைமாறும் அன்றே மாற்றிவிடலாம். உடைந்த கட்டில், காய்ந்த பெயின்ட் டின், பரணில் கிடக்கும் பழைய பாத்திரம் ஆகியவற்றை அதற்குள் விற்பவர் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். பரணில் மிச்சம் வைக்கலாம் என்றால் மாற்றிப் போட உதவும் டைல்ஸ் நாலும், சுவர் நிறத்தின் எண்ணெழுதிய சீட்டும் போதும்.