‘அறை இல்லை’ என்று சொல்ல விடுதிக்கு உரிமை உண்டா?

கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்றில், ஒன்பதரை மணி அளவில், என் தங்கையின் மகள் சிதம்பரத்திலிருந்து கைப்பேசியில் அழைத்தாள். அவள் ஆய்வு மாணவி. அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு இரண்டு நாள் வேலை இருந்தது. மாலையில் வந்து சேர வேண்டிய ரயில் தாமதமாகிவிட்டது. “மாமா, மூணு லாட்ஜுல கேட்டுட்டேன். ரூம் இருக்கு, ஆனா தனியா வர்ற லேடீஸுக்குக் குடுக்கறதில்லைன்னு சொல்றாங்க” என்றாள்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மூன்றாவது விடுதியின் வரவேற்பறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த பணியாளரைக் குறை சொல்வதற்கில்லை. மழையில் வெளியே அனுப்ப மனமின்றி அவளை உட்கார வைத்திருந்தார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருந்தார். நான் என் ஆதார் அட்டையை நீட்டியதும் ஐந்து நிமிடத்தில் சாவி வந்தது. “தப்பா நெனைக்காதீங்க சார், ஓனர் போட்ட ரூல். எங்களுக்குப் பிரச்சினை எதுவும் வேணாம்” என்றார். அறையில் தங்கப்போகிறவள் அவள். பதிவேட்டில் எழுதப்பட்டதோ என் பெயர்.

பணமும் அடையாள அட்டையும் கையில் இருக்க, அறையும் காலியாக இருக்க, ஒருவருக்கு இடமில்லை என்று சொல்லும் உரிமை விடுதிக்கு உண்டா? ‘அனுமதிக்கும் உரிமை எங்களுக்கே உரியது’ என்ற பலகையை எத்தனையோ உணவகங்களிலும் விடுதிகளிலும் பார்த்திருக்கிறோம். அந்தப் பலகைக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை. அன்றிரவுக்குப் பிறகுதான் நானும் கேட்டுப் பார்த்தேன்.

இந்த மண்ணில் தங்குமிடம் பற்றி இரண்டு பழைய கதைகள் உண்டு. ஒன்று, கடலூருக்கு அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணையின் கரையிலுள்ள திருக்கோவலூரில் நடந்ததாகச் சொல்லப்படுவது. மழை இரவில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். அது ஒருவர் படுக்கும் இடம். பின்னர் பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்துகொண்டனர். பேயாழ்வார் வந்தபோது மூவரும் நின்றுகொண்டனர். முன்பின் அறியாத வழிப்போக்கனுக்குக்கூட இடம் சுருக்கி இடம் கொடுத்த கதை அது.

மற்றொன்று சிதம்பரத்துக் கதை. தில்லையைக் காண வந்த திருநாளைப்போவார், தம் குலத்தை நினைத்து ஊருக்குள் நுழையத் தயங்கி, எல்லையையே இரவும் பகலும் வலம் வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். நந்தனார் என்று நாம் அழைக்கும் அந்த அடியவர், ஒரு திருத்தலத்தின் வாசலில் தங்க இடமின்றி வெளியே உறங்கிய பயணி. நம் நாட்டு விடுதிகளின் வரலாறு இந்த இரு கதைகளுக்கும் இடையில்தான் நடந்துவந்திருக்கிறது.

சத்திரங்களைப் பற்றி நாம் பெருமை பேசுவதில் நியாயம் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம், இராமேசுவரம் செல்லும் சாலையில் இருந்த சத்திரங்களின் நடைமுறையை விவரிக்கிறது. நள்ளிரவு வரை சோறு போடுவார்கள். பிறகு மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்கள். நோயுற்ற பயணிக்கு மருத்துவம் உண்டு. சூல்கொண்ட பெண்ணுக்குப் பேறுகாலம் வரை பராமரிப்பு உண்டு. தனியாக வந்த பெண்ணை அந்த ஏற்பாடு சந்தேகத்துக்குரியவளாக அல்ல, கூடுதல் கவனிப்புக்கு உரியவளாகவே கருதியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1794-இல் மறைந்த பச்சையப்ப முதலியார் சிதம்பரம் கோயிலுக்கும் அன்னதானத்துக்கும் விட்டுச்சென்ற அறக்கொடையின் மிச்சத்திலிருந்துதான் பிற்காலத்தில் அவர் பெயரிலான கல்வி நிலையங்கள் எழுந்தன.

ஆனால், சத்திரத்துக்கும் வாசற்படி இருந்தது. பல சத்திரங்கள் குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டுமே உரியவை. பலவற்றில் பந்தி தனி, கிணறு தனி. இதற்கு எதிரான குரலும் இந்த மாவட்டத்திலிருந்தே எழுந்தது. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த வள்ளலார் 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி ஒன்றே அங்கே நுழைவுச் சீட்டு. சுவாமி சகஜானந்தர், நந்தனார் பெயரிலேயே 1916-இல் சிதம்பரத்தில் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஊரெல்லையில் நிறுத்தப்பட்டவரின் பெயரால் அவர் வழிவந்த பிள்ளைகளுக்குப் பள்ளியும் தங்கும் விடுதியும் அமைந்தது, வரலாறு தன்னைத் திருத்திக்கொண்ட தருணங்களுள் ஒன்று.

வள்ளலார் தருமச்சாலை தொடங்கிய அதே 1867-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு ‘சராய் சட்டம்’ என ஒன்றை இயற்றியது. வட இந்திய மாகாணங்களின் வழிப்போக்கர் விடுதிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டம் அது. விடுதியைப் பதிவு செய்ய வேண்டும், அறைகளையும் கிணற்றையும் தூய்மையாக வைக்க வேண்டும், காவலர் அமர்த்த வேண்டும், கட்டணப் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. விடுதி தனியார் சொத்துதான். ஆயினும், பயணிக்குக் கதவு திறந்த நாள்முதல் அது பொதுக் கடமைக்கும் உட்பட்டது என்ற எண்ணம் அன்றே சட்டத்தில் ஏறிவிட்டது.

பணம் கொடுத்துச் சாப்பிடும் ஓட்டல்கள் வந்தபோது சாதி சற்றே பின்வாங்கியது, மறைந்துவிடவில்லை. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு, பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் நீங்கியது. சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பெயர்ப் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை அகற்றக் கோரி 1957-இல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது.

இதற்கிடையில் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்லிவிட்டது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. ஆனால், 15-ஆவது கூறின் இரண்டாம் பிரிவு தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதற்கு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனுக்கும் தடை விதிக்கக் கூடாது என்கிறது அது. சாதிக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில், பாலினமும் இருக்கிறது. ‘கடை’ என்றால் என்ன என்று அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் கேள்வி எழுந்தபோது, நாடி வருவோருக்குத் தம் சேவையை அளிக்க முன்வரும் எந்த இடமும் கடைதான் என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கமளித்தார்.

வீடு வேறு, விடுதி வேறு. என் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதை நான் தீர்மானிக்கலாம். ஊராருக்கெல்லாம் அறை உண்டு என்று பலகை மாட்டிவிட்டு, வந்து நிற்பவரின் பிறப்பைப் பார்த்து ‘இல்லை’ என்பது வேறு. அறை காலியாக இருந்து, பயணியும் கட்டணம் தரத் தயாராக இருந்தால், தகுந்த காரணமின்றி மறுக்கக் கூடாது என்பது இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தில் விடுதிக்காரர்களுக்கு உள்ள பழைய விதி. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதி, கறுப்பினத்தவருக்கு அறை தர மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவ்வாறு மறுக்க அதற்கு உரிமை இல்லை என 1964 டிசம்பரில் அந்த நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

அப்படியானால் நம் ஊரில் ஏன் இன்னும் மறுக்கிறார்கள்? உரிமை எழுதப்பட்டிருக்கிறது, மீறினால் என்ன என்பது எல்லோருக்கும் ஒரேபோல எழுதப்படவில்லை என்பதே காரணம். தீண்டாமையைக் காரணமாக்கி விடுதியிலோ உணவகத்திலோ ஒருவரைத் தடுத்தால், 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. அச்சட்டம் தர்மசாலை, சராய், முசாபர்கானா என்று பழைய பெயர்களையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது. திருநர்களுக்குத் தங்குமிடமும் சேவையும் மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கூவாகம் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் திருநங்கையர் வந்து தங்கும் பகுதி நம்முடையது என்பதால் இதை நம் விடுதிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கோ அரசமைப்புச் சட்டத்தின் அந்த ஒரு வரிதான் துணை. இரவு பத்து மணிக்கு, பையும் நனைந்த குடையுமாக நிற்பவள், உயர் நீதிமன்றம் போய் அந்த வரியை நிலைநாட்ட முடியுமா?

விடுதிக்காரர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அவர்களுக்கு அச்சம் உண்டு. காவல் துறைச் சோதனை வந்தால் பெயர் கெடும்; அறையில் யாரேனும் உயிரை மாய்த்துக்கொண்டால் வழக்கு, விசாரணை என்று அலைய வேண்டும். இவை கற்பனையான அச்சங்கள் அல்ல. ஆனால், 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது, விடுதியைப் பாலியல் தொழில் நடத்தும் இடமாக்குவதையே. ஒரு பெண்ணுக்கு அறை கொடுப்பதை அன்று. திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைக்கூட எந்தச் சட்டமும் குற்றமாக்கவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல், கோவை விடுதி ஒன்றுக்கு முத்திரையிட்ட வழக்கில், கூறியிருக்கிறது. குடிபோதையில் வருபவரை, அடையாளச் சான்று தராதவரை, தகராறு செய்பவரை மறுக்கலாம். அது நடத்தையைப் பார்த்து எடுக்கும் முடிவு. தனியே வந்திருக்கிறாள் என்பது நடத்தையாகாது.

இது ஒரு ஊரின் பொருளாதாரக் கேள்வியும்கூட. 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. நடனமாட வருவோரில் மிகப் பலர் பெண்கள். பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவக் கல்லூரிக்கும், கடலூர் மாவட்ட அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும், போட்டித் தேர்வு மையங்களுக்கும் தனியாக வந்து போகும் பெண்கள் நாள்தோறும் பெருகிவருகிறார்கள். அரசுப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யப் பெண்ணுக்கு வழிசெய்த மாநிலம் இது. போய் இறங்கிய ஊரில் கடைசிப் பேருந்து போய்விட்டால் அவள் எங்கே தங்குவாள் என்பதையும் நாம்தான் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. விடுதிகள் உள்ளாட்சி அமைப்புகளிடம் உரிமம் பெற்றே நடக்கின்றன. பாலினம், சாதி, மதம் பார்த்து அறை மறுக்க மாட்டோம் என்பதை அந்த உரிமத்தின் நிபந்தனையாகவே கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் சேர்க்கலாம்; அதைக் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லலாம். மறுக்கப்பட்டவர் அழைப்பதற்கு ஓர் எண் அப்பலகையில் இருக்கட்டும். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுப்பது குற்றமன்று, மறுப்பதே முறையற்றது என்று காவல் துறை விடுதி உரிமையாளர்களை அழைத்துச் சொன்னால், பாதி அச்சம் அன்றே விலகும்.

அரசின் கையிலுள்ள இடங்களையும் திறந்துவிடலாம். கேரளம் 2021 நவம்பர் முதல் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்களை இணையவழி முன்பதிவில் பொதுமக்களுக்கு அளித்து வருகிறது. நம் பயணியர் மாளிகைகளில் அறைகள் பல இரவுகள் பூட்டியே கிடக்கின்றன. தமிழக அரசின் தோழி விடுதிகள் பணிபுரியும் பெண்களுக்கு நல்ல முன்மாதிரி. கடலூரிலும் சிதம்பரத்திலும் ஓரிரவு தங்கும் பெண்களுக்கென அவ்வகையில் சில படுக்கைகள் ஒதுக்கப்பட்டால் போதும், தனியார் விடுதிகளும் தாமாகவே மாறும்.

இடைகழியில் நின்ற மூவரும் ஒருவரையொருவர் யார் என்று கேட்டுக்கொண்டது இடம் கொடுத்த பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தாராளம் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறையை ஆள் பார்த்து மறுக்காதே என்ற அளவில் நின்றுகொள்கிறது.

தை மாதத்தில் என் தங்கை மகளுக்கு மீண்டும் சிதம்பரத்தில் நூலக வேலை இருக்கிறது. “நீங்க வர வேணாம் மாமா, நானே பாத்துக்கறேன்” என்கிறாள். இம்முறை பதிவேட்டில் அவள் பெயரே எழுதப்பட வேண்டும்.