பாடத் தடை உண்டோ?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

கற்பனை நாவல் என்றதும் பறக்கும் கம்பளமும் மந்திரக்கோலும் மாயக் கோட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நல்ல கற்பனை நாவல் எவ்வளவு தொலைவான உலகத்திற்கு நம்மை அழைத்துச் சென்றாலும், அங்கே நமக்குப் பழக்கமான ஒரு மனத்தையே காட்டுகிறது. அத்தகைய நாவல் ஒன்றைப் பற்றியும், அதில் வரும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றியும் என் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறேன். நாவலின் பெயர் 'டிராகன்சாங்'. அந்தப் பெண்ணின் பெயர் மெனாலி. அவளுக்குப் பாட வேண்டும். புதிய பாட்டுகள் கட்ட வேண்டும். அவள் வீட்டாருக்கோ அது பெரும் அவமானம். இதுதான் கதையின் சிக்கல்.

ஆசிரியர்

இந்நாவலை எழுதியவர் ஆன் மக்காஃப்ரி. இவர் 1926-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். 1970-இல் அயர்லாந்தில் குடியேறி, 2011-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். அறிவியல் புனைகதைகளுக்கு வழங்கப்படும் 'ஹியூகோ' பரிசைக் கதைக்காகப் பெற்ற முதல் பெண்மணி இவரே, ஆண்டு 1968. இவர் குரலிசையை முறையாகப் பயின்றவர் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். பாடுவோரின் மூச்சும் விரல்களும் படும் பாட்டை இவர் இவ்வளவு நுட்பமாக எழுதியதற்கு அதுவே காரணம் எனலாம்.

அக்காலத்தில் அறிவியல் புனைகதை என்றாலே ஆண் பிள்ளைகள் படிப்பது என்ற எண்ணம் இருந்தது. பெண் பிள்ளைகளும் விரும்பிப் படிக்கத்தக்க கதை ஒன்று வேண்டும் என்று ஜீன் கார்ல் என்னும் பதிப்பாசிரியை மக்காஃப்ரியைக் கேட்டுக்கொண்டார். அதன் பயனாக 1976-இல் 'டிராகன்சாங்' வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான 'டிராகன்சிங்கர்' 1977-இலும், மூன்றாம் நூலான 'டிராகன்டிரம்ஸ்' 1979-இலும் வந்தன.

பெர்ன் என்னும் உலகம்

கதை நடப்பது பெர்ன் என்னும் தொலைதூரக் கோளில். குறிப்பிட்ட காலங்களில் வானத்திலிருந்து வெள்ளி நிறத்தில் இழைகள் விழும். புல், மரம், விலங்கு, மனிதர் என உயிருள்ள எதன்மேல் பட்டாலும் அவ்விழை அரித்துத் தின்றுவிடும். அதனை வானத்திலேயே எரித்து அழிக்க, நெருப்பை உமிழும் டிராகன்கள் வீரர்களைச் சுமந்துகொண்டு பறக்கின்றன. டிராகன்கள் வருவதால் பலரும் இதனை மாயக்கதை என்பர். ஆசிரியையோ இது அறிவியல் புனைகதையே என்று உறுதியாகச் சொல்லி வந்தார். பெர்னில் வாழ்வோர் பூமியிலிருந்து சென்று குடியேறிய மனிதரின் வழித்தோன்றல்கள். அந்தப் பழைய செய்தியை அவர்களே மறந்துவிட்டார்கள்.

அவ்வுலகில் இசைவாணர்களுக்கு 'ஹார்ப்பர்' என்று பெயர். நாம் அவர்களைப் பாணர் என்றே தமிழில் அழைப்போம். பாணரின் வேலை விருந்தில் பாடி மகிழ்விப்பது மட்டுமன்று. அவர்களே ஆசிரியர்கள். இழை விழும்போது செய்ய வேண்டியவை, தலைவனின் கடமை, மக்களின் கடமை, பழைய வரலாறு எல்லாம் பாட்டுகளாகவே பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஒரு சொல் தவறினால் ஓர் ஊரின் பாதுகாப்பே தவறக்கூடும். ஆகவே அங்கே பாட்டு என்பது பாடப்புத்தகமும் சட்டப்புத்தகமும் செய்தித்தாளும் ஆகும். இவ்வளவு பெரிய பொறுப்பு ஆண்களுக்கே உரியது என்பது மெனாலியின் ஊரார் எண்ணம்.

வீடும் தடையும்

மெனாலி ஒரு மீனவர் குடியிருப்பின் தலைவரான யானஸின் கடைசி மகள். ஊரின் பாணரான முதியவர் பெட்டிரான் அவளது திறமையைக் கண்டு, இசைக்கருவிகளையும் இசையிலக்கணத்தையும் அவளுக்குக் கற்றுத் தருகிறார். கதை தொடங்கும்போது அவர் இறந்துபோகிறார். புதிய பாணர் வரும் வரையில் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க வேறு ஆள் இல்லாததால் மெனாலி அமர்த்தப்படுகிறாள். ஆனால் பழைய பாட்டுகளை மட்டுமே பாட வேண்டும், சொந்தமாக எதுவும் இசைக்கக் கூடாது என்பது நிபந்தனை. தன்னை மறந்து ஒரு புதிய மெட்டை வாசித்ததற்காகத் தந்தை அவளை வாரால் அடிக்கிறார்.

புதிய பாணர் எல்ஜியன் வந்ததும், பிள்ளைகளுக்குக் கற்பித்தது ஒரு பெண் என்பது அவருக்குத் தெரியக் கூடாது என்று வீட்டார் மறைக்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பையன் கற்பித்தான், அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான் என்று பொய் சொல்கிறார்கள். ஒருநாள் மீன் அறுக்கையில் கத்தி வழுக்கி மெனாலியின் இடக்கையைக் கிழித்துவிடுகிறது. காயம் ஆறினாலும் விரல்கள் சரியாக விரியவில்லை. இனி நீ எந்தக் கருவியும் வாசிக்க முடியாது என்கிறார் தாய் மேவி. அந்தத் தாய் மருத்துவம் நன்கு தெரிந்தவர். எனவே இந்தக் கையைக் குணப்படுத்த அவர் முழுமனத்துடன் முயன்றாரா என்ற ஐயம் படிப்பவர் நெஞ்சில் முள்போல் தைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யானஸும் மேவியும் கொடியவர்களாகக் காட்டப்படவில்லை. அவர்கள் கடலோடு போராடி ஊருக்கு உணவு தேடும் உழைப்பாளிகள், நேர்மையானவர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமே அவர்கள் கண்ணை மறைக்கிறது. கொடியவர் செய்யும் தீங்கை எதிர்ப்பது எளிது. நம்மை வளர்த்தவர்கள் நம் நன்மைக்கென்றே எண்ணிச் செய்யும் தீங்கை எப்படி எதிர்ப்பது? மெனாலி சண்டை போடவில்லை. அவள் மௌனமாகிறாள். அந்த மௌனமே அடியைவிட அதிகமாக நம்மை வருத்துகிறது.

குகையில் ஒரு பள்ளி

ஒருநாள் கடற்கரையில் மெனாலி ஒரு காட்சியைக் காண்கிறாள். சிறிய டிராகனைப் போன்ற 'நெருப்புப் பல்லி' என்னும் பறக்கும் உயிரின் ராணி, பொங்கிவரும் கடலலையிலிருந்து தன் முட்டைகளைக் காக்க முடியாமல் தவிக்கிறது. அவள் அம்முட்டைகளை உயரத்திலுள்ள குகைக்கு மாற்ற உதவுகிறாள். பிறகு ஒருநாள் வெளியே இழை விழும்போது அதே குகையில் ஒதுங்குகிறாள். அவ்வேளையில் முட்டைகள் பொரிகின்றன. பசியோடு வெளியே பறந்தால் குஞ்சுகள் இழைக்கு இரையாகிவிடும். அவள் தன்னிடமிருந்த உணவை ஊட்டி, ஒன்பது குஞ்சுகளைக் காப்பாற்றுகிறாள். முதலில் உணவு தருபவரையே அவை வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொள்ளும்.

அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. குகையிலேயே தங்கி, நாணற் குழல்களைச் செய்து ஊதுகிறாள். நெருப்புப் பல்லிகள் அவளோடு சேர்ந்து குரலெழுப்பக் கற்றுக்கொள்கின்றன. தடுப்பார் இல்லை, கேட்பாரும் மனிதரில் இல்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது, இங்கேயே இவள் இன்பமாக இருந்துவிடலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தனியே பாடுவது விடுதலைதான். எனினும் அது பாதி விடுதலையே. பெர்னில் பாட்டு என்பது பிறருக்காக இருப்பது அன்றோ!

ஒருநாள் வெட்டவெளியில் இழைமழையில் சிக்கி, காலணி கிழிந்து பாதம் குருதி வடிய ஓடும் மெனாலியை ஒரு டிராகன் வீரர் மீட்டுத் தம் இடத்துக்குக் கொண்டுசெல்கிறார். அங்கேதான் தலைமைப் பாணரான ராபின்டனை அவள் சந்திக்கிறாள். முதியவர் பெட்டிரான் இறக்குமுன் இரண்டு புதிய பாட்டுகளை ராபின்டனுக்கு அனுப்பியிருந்தார். அவற்றை இயற்றியவன் ஒரு பையன் என்றெண்ணி ராபின்டன் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தார். தேடப்பட்டவள் இவளே என்று தெரிந்ததும், பாணர் கூடத்தில் சேர்ந்து பயில அவளை அழைக்கிறார்.

உள்ளே இருக்கும் தடை

பல கதைகள் இத்துடன் முடிந்துவிடும். 'டிராகன்சிங்கர்' இங்கேதான் தொடங்குகிறது. என் கருத்தில் மெனாலி உண்மையாக வளர்வது இந்த இரண்டாம் நூலில்தான். வெளித்தடை நீங்கிவிட்டது, தந்தையும் தாயும் தொலைவில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் குரல் அவளுக்குள்ளேயே ஒலிக்கிறது. யாராவது அதட்டினால் ஒடுங்கிப்போகிறாள். தழும்பு உள்ள கையை மறைக்கிறாள். தன் பாட்டைத் தன்னுடையது என்று சொல்லக் கூசுகிறாள்.

பாணர் கூடத்து ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமானவர்கள். கடுஞ்சொல் பேசும் டோமிக் கடினமான இசைப்பகுதியைக் கொடுத்து அவளை வாசிக்கச் செய்கிறார். பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று எண்ணும் மார்ஷல், இசையிலக்கணத்தில் கேள்விமேல் கேள்வி கேட்கிறார். எல்லாவற்றுக்கும் அவள் சரியாக விடையளிக்கிறாள். மருத்துவர் ஓல்டைவ் கையைச் சோதித்து, நாள்தோறும் பயிற்சி செய்தால் விரல்கள் மீண்டும் விரியும் என்கிறார். முடிந்துபோயிற்று என்று தாய் சொன்ன கை, முடியவில்லை! அவளைக் கேலி செய்யும் மாணவியரும் அங்கே உண்டு. பணம் கொடுத்துப் பொழுதுபோக்காகப் பயில வந்த அப்பெண்களில் ஆடீவா மட்டும் அவளுக்குத் தோழியாகிறாள்.

ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே, பயிலுநர் நிலையிலிருந்து தேர்ச்சி பெற்ற பாணர் நிலைக்கு மெனாலி உயர்த்தப்படுகிறாள். இது நம்பத்தக்கதா என்று சிலர் கேட்கலாம். ஒன்பது நெருப்புப் பல்லிகள் கிடைத்த அதிர்ஷ்டத்தால் அல்லவா இவள் உயர்ந்தாள் என்றும் கேட்கலாம். கதையைக் கூர்ந்து படித்தால் விடை கிடைக்கும். பல்லிகள் முட்டையிலிருந்து வெளிவருவதற்கு முன்பே அவள் பாட்டுகள் ராபின்டன் கையில் சேர்ந்துவிட்டன. அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால், மீன் வாடை வீசும் ஊரில் பெட்டிரான் பொறுமையோடு கற்றுக்கொடுத்த பல ஆண்டுகள் இருக்கின்றன. பல்லிகள் அவளுக்குத் தந்தது திறமையை அன்று; அன்பைத்தான். நம்மை நேசிக்கும் உயிர் ஒன்று உண்டு என்று தெரிந்த பிறகே நிமிர்ந்து நிற்கும் துணிவு வருகிறது. இருந்தாலும், அவள் இன்னும் சில மாதங்கள் அங்கே படித்துப் பிறகு உயர்ந்திருந்தால் எனக்கு மேலும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

குரல் உடைந்த பையன்

மூன்றாம் நூலின் நாயகன் பீமூர் என்னும் குறும்புக்காரச் சிறுவன். பாணர் கூடத்தில் இனிமையாகப் பாடும் அவனுக்கு, வளரும் வயதில் குரல் உடைந்துவிடுகிறது. தனிப்பாடல் கைநழுவிப் போகிறது. ஊர்விட்டு ஊர் செய்தி சொல்லும் முரசொலிகளைக் கற்க அவன் அனுப்பப்படுகிறான். மெனாலியை ஊர் தடுத்தது. பீமூரை அவன் தொண்டையே தடுத்தது. அவளுக்குத் தன் பாட்டைத் தன்னுடையது என்று சொல்லும் துணிவு தேவைப்பட்டது. அவனுக்கோ, தனக்குரியது என்று நம்பிய ஒன்றை இழந்தபின் வேறு பணியை ஏற்கும் மனம் தேவைப்பட்டது. வளர்வது என்பது எல்லோருக்கும் ஒரே பாடம் அன்று என்பதை இவ்விரு கதைகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

நாம் பெறும் கருத்து

மெனாலி வளர்ந்துவிட்டாள் என்பதை நாம் எப்போது அறிகிறோம்? அவள் வீட்டைவிட்டு நீங்கியபோது அன்று. பரிசு பெற்றபோதும் அன்று. "இது நான் கட்டிய பாட்டு" என்று தலைகுனியாமல் நிற்கும்போதுதான். அவ்வாறு நிற்க அவளுக்கு மூன்று துணைகள் வேண்டியிருந்தன: நம்பிக் கற்பித்த ஓர் ஆசிரியர், அன்பு காட்டிய உயிர்கள், தானே விடாமல் செய்த பயிற்சி. இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் அவள் மீன் அறுத்துக்கொண்டே மௌனமாக மூத்திருப்பாள்.

தோழியரே! நம்மில் பலர் சிறுவயதில் வீணையோ வாய்ப்பாட்டோ பியானோவோ கற்கிறோம். பொதுத் தேர்வு நெருங்கியதும் கருவிக்குத் துணியுறை போட்டு மூலையில் வைத்துவிடுகிறோம். தேர்வு முடிந்தபின் அந்த உறையை எடுக்க மறக்க வேண்டாம். பெற்றோர்களே! உங்கள் மகள் அடுக்களையில் வேலை செய்துகொண்டே முணுமுணுப்பது நீங்கள் கேட்டறியாத மெட்டாக இருந்தால், அதட்டுமுன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அது அவளே கட்டிய பாட்டாகவும் இருக்கலாம்.