பொருந்தும் நினைவகமும் மெய்யான வேகமும்
(விளக்கக் கட்டுரை)

முன்னுரை

மாணவர்களே! ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வீணாகப் போகும் பொருளையே அளந்து போட வேண்டுமென்றால், பெற்றோர் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளை எத்துணைக் கவனத்துடன் அளக்க வேண்டும்!

தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவை பெயர்பெற்ற கணினிச் சந்தைகள். அங்குக் கணினிக்கு நினைவகம் வாங்கச் செல்வோருள் பலர், அட்டையின்மேல் அச்சிட்ட எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். அவ்வெண் எதைக் குறிக்கிறது? நம் வீட்டுக் கணினிக்கு அது பொருந்துமா? செயலியின் வேகம் என்று சொல்லப்படுவது மெய்தானா? இவற்றை நாமே அறிந்துகொள்ளும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

செயலியும் நினைவகமும்

கணினியில் கணக்கிடும் வேலையைச் செய்வது செயலி. அது அப்போதைக்குப் பயன்படுத்தும் தரவுகளை வைத்திருப்பது ரேம் எனப்படும் நினைவகம். கோப்புகளை நிலையாகக் காப்பது சேமிப்பகம். நீங்கள் படிக்கும் மேசையை நினைவகமாகவும், புத்தக அலமாரியைச் சேமிப்பகமாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். மேசை சிறிதாக இருந்தால், ஒவ்வொரு புத்தகத்திற்கும் எழுந்து அலமாரிக்குச் செல்ல நேரும். கணினி தயங்கித் தயங்கி இயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆயினும், எல்லாத் தயக்கத்திற்கும் நினைவகமே காரணம் அன்று. ஆகவே வாங்கும் முன் சோதித்தல் வேண்டும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்னும் பகுதியில் மெமரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான வேலைகளைச் செய்யும்போது நினைவகத்தில் பத்தில் ஒன்பது பங்கு நிறைந்திருந்தால், புதிய நினைவகம் பயன்தரும். பாதியளவே நிறைந்திருந்தால், குறை வேறிடத்தில் உள்ளது. நினைவகத்திற்குச் செலவிடும் பணம் வீணாகும்.

ஐந்து பொருத்தங்கள்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம்மவர் வழக்கம். நினைவகத்திற்கு ஐந்து பொருத்தம் பார்த்தால் போதும்.

1. வடிவம்: மேசைக் கணினியின் நினைவக அட்டை நீளமானது. மடிக்கணினியின் அட்டை ஏறத்தாழ அதில் பாதி நீளமே உடையது. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது.

2. தலைமுறை: டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்பவை அடுத்தடுத்து வந்த தலைமுறைகள். டி.டி.ஆர்.3 1.5 வோல்ட் மின்னழுத்தத்திலும், டி.டி.ஆர்.4 1.2 வோல்ட்டிலும், டி.டி.ஆர்.5 1.1 வோல்ட்டிலும் இயங்குமாறு வகுக்கப்பட்டவை. மேசைக் கணினிக்குரிய டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 அட்டைகள் இரண்டிலும் 288 தொடுமுனைகள் உள்ளன. எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும், அட்டையின் விளிம்பிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் அமைந்துள்ளது. தவறான அட்டை உள்ளே செல்லாதவாறு தடுப்பதற்காகவே அவ்வெட்டு வைக்கப்பட்டது. அட்டை நுழையவில்லை என்றால், வலிந்து அழுத்தக்கூடாது.

3. வேகம்: செயலியும் தாய்ப்பலகையும் ஏற்கும் வேகத்திற்கு மேல் நினைவகம் இயங்காது. எடுத்துக்காட்டாக, இன்டெல் கோர் ஐ5-10400 செயலி டி.டி.ஆர்.4 நினைவகத்தை 2666 என்னும் வேகம்வரை ஏற்பதாக அதன் விவரப் பட்டியல் கூறுகிறது. மிகுந்த விலை கொடுத்து 3200 வேக அட்டையை வாங்கினாலும், எளிய தாய்ப்பலகையில் அது 2666 வேகத்திலேயே இயங்கும். இரு வேறு வேகமுள்ள அட்டைகளை ஒன்றாகப் பொருத்தினால், இரண்டும் குறைந்த வேகத்திற்கே இறங்கிவிடும். இருவர் கைகோத்து நடக்கும்போது, மெதுவாக நடப்பவரின் வேகமே இருவரின் வேகமாவது போன்றது இது.

4. அளவு: ஒவ்வொரு தாய்ப்பலகைக்கும் நினைவக உச்சவரம்பு உண்டு. அது கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். இயங்குதளத்தையும் நோக்க வேண்டும். 32 பிட் முறையில் குறிக்கத்தக்க முகவரிகள் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 மட்டுமே; அது 4 கிகாபைட்டுக்குச் சமம். எனவே, வீடுகளில் வழங்கும் பழைய 32 பிட் விண்டோஸில், அதற்கு மேற்பட்ட நினைவகம் பயன்படாமல் கிடக்கும்.

5. இடம்: அட்டையைச் செருகுவதற்குக் காலியிடம் வேண்டும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே, மொத்த இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை என்னும் விவரம் காணப்படும். மெலிந்த மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாற்றுவதற்கு இடமில்லாமலும் போகலாம். ஆகையால், பழைய மடிக்கணினியைப் பின்னர் மேம்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணி வாங்குவோர், இதனை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

இரண்டு இடங்கள் உள்ள கணினியில், 8 கிகாபைட் அட்டை ஒன்றைவிட, 4 கிகாபைட் அட்டைகள் இரண்டு இணையாக இருப்பது பெரும்பாலும் நன்று. செயலி இரண்டு வழிகளிலும் ஒரே நேரத்தில் தரவைப் பெற இயலும்.

2666-ஆ? 1333-ஆ?

அட்டையில் 2666 என்று அச்சிடப்பட்டுள்ளது. வீட்டிற்கு வந்து சி.பி.யூ.-இசட் என்னும் இலவச மென்பொருளில் பார்த்தால், 1333 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அப்பா சினம் கொள்கிறார். உண்மையில் இங்கு ஏமாற்று ஏதும் இல்லை.

ஊஞ்சல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது முன்னே செல்லும்போது ஒரு பூவையும், பின்னே வரும்போது ஒரு பூவையும் கொடுத்தால், ஒரு முறை ஆடி முடிப்பதற்குள் இரண்டு பூக்கள் கிடைக்கும். டி.டி.ஆர். நினைவகமும் அவ்வாறே ஒவ்வொரு துடிப்பின் ஏற்றத்தில் ஒரு முறையும் இறக்கத்தில் ஒரு முறையும் தரவை அனுப்புகிறது. ‘இரட்டைத் தரவு வீதம்’ என்பதே அப்பெயரின் பொருள். ஆகவே, 1333 என்பது துடிப்பின் எண்ணிக்கை. 2666 என்பது தரவு அனுப்பும் எண்ணிக்கை. டாஸ்க் மேனேஜர் காட்டுவது இரட்டித்த எண், சி.பி.யூ.-இசட் காட்டுவது இரட்டிக்காத எண்.

சில அட்டைகளில் பி.சி.4-21300 என்னும் வேறோர் எண்ணும் இருக்கும். ஒவ்வொரு முறையும் 8 பைட் வீதம் செல்வதால், 2666-ஐ 8-ஆல் பெருக்கினால் 21,328 கிடைக்கும். அதனை ஏறத்தாழ 21,300 என்று அச்சிடுகின்றனர். வினாடிக்கு இத்தனை மெகாபைட் என்பது அதன் பொருள்.

ஆனால் சி.பி.யூ.-இசட் 1066 என்று காட்டினால், நினைவகம் 2133 வேகத்தில்தான் இயங்குகிறது. அப்போதும் உடனே கடைக்காரரைக் குறை கூறுதல் கூடாது. உடனிருக்கும் பழைய அட்டை மெதுவானதா, செயலியின் வரம்பு அவ்வளவுதானா, கணினியின் தொடக்க அமைப்பில் வேகம் குறைத்து வைக்கப்பட்டுள்ளதா என்று ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். இவை எவையும் காரணம் அல்ல என்றால், அட்டையைத் திருப்பிக் கொடுத்து முறையாக வினவலாம்.

செயலியின் மெய்யான வேகம்

செயலி ஒரு சீரான துடிப்பிற்கு ஏற்ப இயங்குகிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு நூறு கோடித் துடிப்புகள். 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 செயலியின் உச்ச வேகம் வினாடிக்கு 7,40,000 துடிப்புகள். மேலே கூறிய ஐ5-10400 செயலியின் அடிப்படை வேகமோ 2.9 கிகாஹெர்ட்ஸ், அதாவது, வினாடிக்கு 290 கோடித் துடிப்புகள். வினாடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிகூட, அத்துடிப்புகளுள் ஒன்று முடிவதற்குள் 10 சென்டிமீட்டர் அளவே கடக்க முடியும்!

இவ்வேகம் எப்படிக் கிடைக்கிறது? 100 மெகாஹெர்ட்ஸ் என்னும் அடித்துடிப்பை 29 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கினால் 2.9 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். வேலை மிகுந்தால் பெருக்கெண் உயரும், இச்செயலி 4.3 கிகாஹெர்ட்ஸ்வரை எழும்பும். வேலை இல்லாதபோது பெருக்கெண் தாழ்ந்து, வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ் அளவிற்கும் இறங்கலாம். அது பழுது அன்று. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் முறை.

எனவே, ஒரு செயலிக்கு ஒரே வேகம் என்பதில்லை. அடிப்படை வேகம், உச்ச வேகம், இந்நொடி வேகம் என மூன்று உண்டு. விளம்பரங்களில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் உச்ச வேகமே. மடிக்கணினிகளில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. கோர் ஐ5-8250யூ செயலியின் உச்சம் 3.4 கிகாஹெர்ட்ஸ்; அடிப்படையோ 1.6 மட்டுமே.

1990-களில், குறைந்த வேகச் செயலியின்மேல் உள்ள எழுத்தை அழித்துவிட்டு, மிகுந்த வேகத்தைப் பொறித்து விற்ற மோசடி பல நாட்டுச் சந்தைகளில் நடந்தது. உற்பத்தியாளர்கள் பெருக்கெண்ணை எவரும் உயர்த்த இயலாதவாறு பூட்டியதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றும் வெளியே ஒட்டிய வில்லையை நம்பாமல், கணினியை இயக்கிப் பார்ப்பதே முறை.

சோதிக்கும் வழி எளிது. மின்னிணைப்பியைப் பொருத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தைத் திறந்து, செயலியின் முழுப்பெயரையும் அடிப்படை வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்குதல் போன்ற கடினமான வேலையைக் கொடுத்து, இந்நொடி வேகத்தைச் சில நிமிடங்கள் கவனியுங்கள். வேகம் அடிப்படை அளவிற்கு மேல் நின்றால், செயலி நலமாக உள்ளது. முதலில் உயர்ந்து, பின்பு அடிப்படைக்கும் கீழே விழுந்தால், பெரும்பாலும் வெப்பமே காரணம். மின்விசிறியில் தூசு அடைத்துள்ளதா என்று பாருங்கள். வட இந்தியக் கோடைக்காலத்தில், காற்றோட்டமில்லாத மூலையிலோ மெத்தையின் மீதோ கணினியை வைத்து இயக்குவது நல்லதன்று.

இன்னொன்றையும் மறவாதீர்கள். துடிப்பு மிகுதியானால் வேலையும் மிகுதியாகும் என்று கூற முடியாது. 2001-இல் ஏ.எம்.டி. நிறுவனம் அத்லான் எக்ஸ்.பி. 1800+ என்னும் செயலியை வெளியிட்டது. அதன் துடிப்பு 1.53 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே; 1800 என்பது பெயரே ஒழியத் துடிப்பின் அளவு அன்று. ஒவ்வொரு துடிப்பிலும் அது மிகுதியான வேலையைச் செய்தமையால் அப்பெயர் இடப்பட்டது.

பொருத்தும்போது

நினைவகத்தைப் பெரியவர் ஒருவரின் துணையுடனேயே பொருத்துங்கள். கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். மடிக்கணினியாயின், மின்கலத்தின் இணைப்பையும் நீக்க வேண்டும். வடநாட்டுக் குளிர்காலத்தில் கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று ஒலி எழுமே, அந்நிலைமின்சாரம் நினைவகச் சில்லைப் பழுதாக்க வல்லது. ஆகவே, கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பின்னரே அட்டையை எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படாதவாறு விளிம்பைப் பிடியுங்கள்.

முடிவுரை

கணினிக் கடையில் அட்டையில் அச்சிட்ட எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் படித்து, பெற்றோருக்குத் தமிழில் விளக்கும் பொறுப்பு உங்களுள் பலருக்கு வாய்க்கிறது. அது சிறிய பொறுப்பு அன்று. ஒரு மாதச் சேமிப்பு உங்கள் சொல்லை நம்பிக் கைமாறுகிறது. எண்ணைக் கண்டதும் மயங்காமல், அது எதன் அளவு என்று கேளுங்கள். வாங்கும் முன் பொருத்தம் பாருங்கள்; வாங்கிய பின் இயக்கிப் பாருங்கள். அளந்து அறிந்தவருக்கு ஏமாற்றமும் இல்லை. பிறர்மீது வீண்பழி சுமத்தும் நிலையும் இல்லை.

அருஞ்சொற்பொருள்

செயலி – கணினியில் கணக்கிடும் பகுதி
தாய்ப்பலகை – கணினியின் உறுப்புகள் அனைத்தையும் இணைக்கும் பலகை
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
மின்கலம் – பேட்டரி
சில்லு – நுண்ணிய மின்சுற்றுகள் அடங்கிய துண்டு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. நினைவகம் வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தங்கள் யாவை?
2. சி.பி.யூ.-இசட் 1600 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால், அட்டையில் எவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும்? ஏன்?
3. 2400 வேக அட்டையையும் 2666 வேக அட்டையையும் ஒன்றாகப் பொருத்தினால் என்ன நிகழும்?
4. வேலை இல்லாதபோது செயலியின் வேகம் குறைவது பழுதா? விளக்குக.

ஆ. பிரித்து எழுதுக.
நினைவகம், தாய்ப்பலகை, அவ்வெண், மின்னிணைப்பி

இ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினி ஒன்றின் செயலிப் பெயர், அடிப்படை வேகம், நினைவகத்தின் அளவு, தலைமுறை, காலியிடம் ஆகியவற்றைக் குறித்து வருக. அக்கணினிக்கு நினைவகம் வாங்கச் செல்லும் அப்பாவிடம் கொடுப்பதற்கு, ஐந்து வரியில் தமிழில் ஒரு குறிப்பு எழுதுக.