கொட்டகை நம்முடையது, கோழி கம்பெனியுடையது... லாபத்தில் நம் பங்கு எங்கே?

பல்லடம், பொங்கலூர், உடுமலை பக்கம் பஸ்ஸில் போனால், தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளநீளமான கோழிக் கொட்டகைகளைப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் உள்ளே வளரும் கோழி கொட்டகைக்காரருடையது அல்ல. அவர் போடும் தீவனமும் அவருடையது அல்ல. இரண்டுமே கம்பெனி கொடுத்தவை.

'கொட்டகை போட்டா போதும், மத்ததெல்லாம் கம்பெனி தரும்னு சொல்றாங்க. நம்பி இறங்கலாமா?' என்பது நமது கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த ஏற்பாட்டில் யார் எதைச் சுமக்கிறார் என்று தெரிந்துகொண்டால், முடிவெடுப்பது சுலபம்.

கடன் கற்றுக்கொடுத்த பாடம்

முன்பெல்லாம் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாவற்றையும் விவசாயியே கடனுக்கு வாங்கி வளர்த்து, வியாபாரியிடம் விற்றார். புரட்டாசியில் கறி விற்பனை படுத்துவிடும். விலை ஏறட்டும் என்று நெல்லைப்போலக் கோழியைக் குதிரில் வைத்திருக்க முடியாது. அது தினமும் தின்னும். ஒரு வயதுக்கு மேல், தின்கிற அளவுக்கு எடையும் கூடாது. விவசாயி நொடித்தால், கடன் கொடுத்த தீவன வியாபாரிக்கும் பணம் திரும்பாது.

உடுமலையில் 1984-ல் தொழில் தொடங்கிய சுகுணா நிறுவனத்தின் சௌந்தரராஜன், சுந்தரராஜன் சகோதரர்கள், 1990 வாக்கில் சில விவசாயிகளோடு வேறு வழியில் இறங்கினார்கள். சரக்கைக் கடனுக்கு விற்பதற்குப் பதிலாக, குஞ்சையும் தீவனத்தையும் தாங்களே கொடுத்து, வளர்ப்பதற்குக் கூலி கொடுத்தார்கள். பிறகு பல கம்பெனிகள் இதே முறைக்கு வந்தன. இன்று நாட்டின் பல மாநிலங்களில் கறிக்கோழி இப்படித்தான் வளர்கிறது.

யார் எதைத் தருகிறார்?

ஒருநாள் குஞ்சு, தீவனம், தடுப்பூசி, மருந்து, மேற்பார்வை, விற்பனை ஆகியவை கம்பெனியின் பொறுப்பு. இடம், கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் நார்க்கழிவு, இரவும் பகலும் உழைப்பு ஆகியவை விவசாயியின் பொறுப்பு. ஆறு வாரத்துக்குள் கோழி சுமார் 2 கிலோ வரும். பிடிக்கும்போது எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருவார்கள். தீவனச் செலவும் இறப்பும் குறைந்தால் கூலி கூடும், அதிகமானால் குறையும்.

புதுமை பிறக்கும் இடம்

கம்பெனியிடம் ஆய்வுக்கூடம் இருக்கலாம். ஆனால் ஒரு தீவனம் வைகாசி வெயிலில் எப்படி வேலை செய்கிறது என்பது கொட்டகையில்தான் தெரியும். தினமும் எத்தனை மூட்டை போட்டோம், எத்தனை கோழி செத்தது, எடை என்ன என்று நாம் எழுதும் அட்டைதான் அவர்களுக்குப் பாடம். நூற்றுக்கணக்கான கொட்டகைகளின் அட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தே, எந்தக் குஞ்சு, எந்தத் தீவனம், எந்த வயதில் எந்த மருந்து என்று திருத்திக்கொள்கிறார்கள்.

அதன் மதிப்பை ஒரு கணக்கில் பார்ப்போம். ஒரு கிலோ எடைக்கு 1.7 கிலோ தீவனம் தின்ற கோழி, நல்ல பராமரிப்பில் 1.6 கிலோ தின்றால் போதும் என்று வையுங்கள். 2 கிலோ கோழிக்கு மிச்சம் 200 கிராம். 5,000 கோழிக்கு ஒரு டன் தீவனம்! முதல் வாரம் புரூடர் சூட்டைக் கவனித்ததும், ஈரமான நார்க்கழிவைக் கிளறிவிட்டதும், வெயிலில் தகரத்தின் மேல் தண்ணீர் தெளித்ததும் நாம்தானே? அந்த ஒரு டன்னில் நமக்கு எவ்வளவு என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஆபத்து எங்கே போனது?

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நோயே வராத ஊர்களிலும் கோழிக்கறி விற்பனை சரிந்தது. இதுபோன்ற நேரத்தில் வளர்ப்புக் கூலி ஒப்பந்தம் விவசாயிக்குக் குடை. கோழி விலை இறங்கினாலும் வளர்த்த எடைக்குக் கூலி உண்டு.

ஆனால் ஆபத்து மறைந்துவிடுவதில்லை, வேறு வழியில் வருகிறது. விலை சரிந்தால் கம்பெனி அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கத் தாமதிக்கும். வளர்ப்பு 42 நாள், சுத்தம் செய்ய 15 நாள் என்றால் ஆண்டுக்கு 6 பேட்ச். இடைவெளி 45 நாளானால் 4 பேட்ச்தான். வங்கித் தவணையோ மாதம் தவறாமல் வரும். காலிக் கொட்டகையின் நஷ்டம் முழுக்க நம் தலையில்தான்.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

* ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை பேட்ச்? தாமதமானால் நஷ்டஈடு உண்டா?
* கூலிக் கணக்கில் தீவன விலை, குஞ்சு விலையை யார் நிர்ணயிப்பது? கணக்குத் தாளின் நகல் நமக்குக் கிடைக்குமா?
* எடை போடும்போது நாம் அருகில் இருக்கலாமா? தராசு முத்திரையிடப்பட்டதா?
* குஞ்சே நோயோடு வந்து செத்தால், அந்த இறப்பு யார் கணக்கில்?
* கோழி எரு யாருக்குச் சொந்தம்? தென்னைக்கும் மஞ்சளுக்கும் நல்ல விலை போகும் பொருள் இது.
* கூலி எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும்?

தமிழ்நாட்டில் 2019-ல் கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் கால்நடை வளர்ப்பையும் உள்ளடக்கியது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும், தகராறு வந்தால் தீர்த்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எனவே வாய்ச்சொல்லை நம்பி கொட்டகைக்குக் கடன் வாங்காதீர்கள். தமிழில் எழுதிய ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோருமாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இறங்கிய பிறகு கம்பெனி அட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல், தனியாக ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் நாலைந்து பேர் நோட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் வளர்ப்பில் குறையா, வந்த குஞ்சில் குறையா என்பது தெரியும். கூலியை உயர்த்திக் கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.