மின்சேமிப்புப் பெட்டியும் மின்னேற்ற எல்லையும்

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அத்தகைய காலத்தில், மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்துள் எவ்வளவு ஆற்றலைச் சேமித்தல் கூடும் என்பதைப் பொறுத்தே மாணவரின் படிப்பும் நோயாளியின் மருந்தைக் காக்கும் குளிர்ப்பெட்டியின் இயக்கமும் அமைகின்றன. 'போட்டபிள் பவர் ஸ்ரேசன்' என வணிகர் வழங்கும் மின்சேமிப்புப் பெட்டியை வாங்குவோர் பலர் அதன் கொள்ளளவையே நோக்குவர். அஃது எத்துணை விரைவில் நிரம்பும் என்பதை நோக்குவார் சிலரே.

வயிறு பெருத்து வாய் சிறுத்த குடத்தை ஆற்றில் அமிழ்த்தினும் அதன் வாய் ஏற்குமளவே நீர் புகும். மின்சேமிப்புப் பெட்டியின் இயல்பும் இத்தகையதே. சுவரிலுள்ள 13 அம்பியர் குதை 230 உவோற்றில் ஏறத்தாழ 3000 உவாற்று தர வல்லது. ஆயினும், பெட்டியின் உள்ளீட்டெல்லை 500 உவாற்றாயின் அதற்கு மேல் அது பெறாது. 1000 உவாற்று மணிக் கொள்ளளவுடைய அப்பெட்டி நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். மோட்டார் வண்டியின் 12 உவோற்றுக் குதை 10 அம்பியர் தரின் கிடைப்பது 120 உவாற்றே. அதனால் எட்டு மணி நேரமும் போதாது. மாற்றத்தின்போது ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாய்க் கழிவதும் இத்தாமதத்துக்குக் காரணமாகும். எனவே, தருவதன் வலிமை, பெறுவதன் எல்லை ஆகிய இரண்டனுள் சிறியது எதுவோ அதுவே வேகத்தை வரையறுக்கும்.

இவ்வெல்லை வணிகர் வகுத்த வீண்தடையன்று. இலிதிய அயன்கள் பென்சிற்கரி மின்வாயினுட் புகுந்து அமர்வதே மின்னேற்றம் ஆகும். அவை அமரும் வேகத்தினும் மிகுந்த வேகத்தில் ஓட்டத்தைச் செலுத்தின், இலிதியம் உலோகமாய் மின்வாயின் மேற் படிந்து கலத்தைக் கெடுக்கும். 0 பாகை செல்சியசுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் இக்கேடு எளிதில் நேரும். இலிதிய இரும்புப் பொசுபேற்றுக் கலம் ஏறத்தாழ 3.65 உவோற்றை அடைந்ததும் அழுத்தம் நிலையாக நிறுத்தப்பட, ஓட்டம் படிப்படியாகக் குறையும். இறுதிப் பகுதி மெல்ல நிரம்புவது இதனாலேயே.

ஞாயிற்றுத் தகடுகளை இணைப்போர் இன்னுமொரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். ஒரு பெட்டியின் உள்ளீட்டெல்லை 60 உவோற்று, 10 அம்பியர் எனக் கொள்க. இயங்கும்போது 18 உவோற்றும் சுமையின்றி 22 உவோற்றும் காட்டும் 100 உவாற்றுத் தகடுகள் நான்கனை இரண்டிரண்டாகத் தொடராக்கி, அவ்விரு தொடர்களையும் சமாந்தரமாக இணைத்தால் 36 உவோற்றும் ஏறத்தாழ 11 அம்பியரும் கிடைக்கும். பெட்டி 10 அம்பியரளவில் ஏற்று மிகுதியை விட்டுவிடும்; தீங்கில்லை. ஆனால், மூன்று தகடுகளைத் தொடராக இணைப்பின் சுமையற்ற அழுத்தம் 66 உவோற்றாகும். அது பெட்டியின் உட்சுற்றைச் சிதைத்தல் கூடும். மிகுந்த ஓட்டத்தைப் பெட்டி மறுக்கும். மிகுந்த அழுத்தத்தை மறுக்கும் ஆற்றல் அதற்கில்லை.

ஆகவே, பெட்டியை வாங்குமுன் கொள்ளளவு, உள்ளீட்டு உவாற்று, பொறுக்கத்தக்க உச்ச அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். மின்சாரம் இரண்டு மணி நேரமே வரும் நாளில் பெரிய பெட்டியினும் விரைந்து நிரம்பும் சிறிய பெட்டியே அன்றிரவு விளக்கெரிய உதவும்.