சுங்கமும் தரகும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டங்களுக்குப் புலிப்பொறியிட்டுச் சுங்கங்கொண்ட செய்தியைப் பட்டினப்பாலையிற் கற்றுள்ளோம். அச்சுங்கம் எம் விடுதி வாயிலுக்கே வருமென்று யாம் எண்ணியதில்லை.

அண்மையில் யாம் நால்வர் பொருள் திரட்டி, இங்கிலாந்திலிருந்து மொழியியல் நூலொன்று வரவழைத்தோம். நூலுடன் கட்டணச்சீட்டு ஒன்றும் வந்தது. அத்தொகையைச் செலுத்தினாலன்றி நூல் கிடையாதென்றார் கொணர்ந்தவர். அம்மாதச் சிற்றுண்டிப் பணம் அதற்கே செலவாயிற்று.

சீட்டை ஆராய்ந்தபொழுது இருவகைத் தொகை அதில் இருத்தல் கண்டோம். ஒன்று அரசினர்க்குரிய சுங்கவரி. அச்சிட்ட நூல்களுக்கு இந்திய அரசினர் 2019-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நூற்றுக்கு 5 வீதம் சுங்கம் விதித்தனர். இது நூலின் விலைமீது மட்டுமன்றி, அனுப்புங்கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மீதே கணிக்கப்படும்.

மற்றொன்று தரகு. சுங்கச்சாலையில் பத்திரங்களைக் காட்டிப் பண்டத்தை விடுவித்தற்கும், வரியை நம்பொருட்டு முன்னரே கட்டுதற்கும் கூரியர் நிறுவனத்தார் பெறும் கூலி இதுவாம். வரி விலைக்கேற்பக் குறையும். தரகுக்கோ பெரும்பாலும் ஒரு குறைந்த அளவு வகுக்கப்பட்டிருக்கும். ஆதலின் சிறு பண்டத்திற்கு வரியினும் தரகே மிகுதலுண்டு. எமக்கு நேர்ந்ததும் அதுவே.

எனவே, அயல்நாட்டு நூல் வேண்டும் அன்பர்கள், வரியும் தரகும் விலையில் அடங்குமா என்று விற்போரை முன்னரே வினவுக. பலர் வேண்டும் நூல்களை ஒரே பொதியாக வரவழைப்பின் தரகுச்சுமை பகிரப்படும். வரியை நாம் தவிர்த்தல் இயலாது. அறியாமையால் வரும் இடரைத் தவிர்த்தல் இயலும்.